தேசியப் பஞ்ச நினைவு நாள் விழாவை எங்கள் ஊருக்குக் கேட்கப் போகிறார்கள். எப்படி நடத்துவது?

தேன்மொழி

எல்லோருக்கும் வணக்கம். அயர்லாந்தின் மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், இங்கே யாராவது தும்மினால் அது தபால் ஆபீஸ் வரைக்கும் தெரிந்துவிடும்.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு இங்கே தேசியப் பஞ்ச நினைவு நாள். 1845-இல் உருளைக்கிழங்கில் விழுந்த அழுகல் நோயில் தொடங்கி ஏழு வருஷம் இழுத்த பஞ்சம் அது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேலானவர்கள் கப்பல் ஏறினார்கள். அரசு விழா வருஷத்துக்கு ஒரு ஊர் என்று நான்கு மாகாணங்களையும் சுற்றி வருகிறது. எங்கள் டைடி டவுன்ஸ் குழுவில் நானும் இருக்கிறேன். தெருவோரம் பூச்செடி வைப்பது, குப்பை பொறுக்குவது, அவ்வளவுதான் எங்கள் வேலை. போன கூட்டத்தில் ஒருவர் "நம் ஊருக்கும் அந்த விழாவைக் கேட்டுப் பார்க்கலாமே" என்று கிளப்பிவிட்டார். கவுண்டி கவுன்சிலுக்கு எழுதுவதற்கு முன்னால் உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் தங்கள் யோசனையை எழுதித் தர வேண்டும் என்று முடிவாயிற்று.

கூட்டம் முடிவதற்குள்ளேயே மூன்று கட்சி ஆகிவிட்டது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஜனாதிபதி, ராணுவ பேண்டு, தூதர்களின் மலர்வளையம் என்று முழு மரியாதையோடு நடக்க வேண்டும், நம் ஊர் டிவியில் வர வேண்டும் என்கிறார். பால் பண்ணைக்கார அம்மா ஒருவருக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை. வாயைத் திறக்காமல் நடந்து போய்ப் பிணங்களைப் புதைத்த இடத்தில் நின்றுவிட்டு வந்தால் போதும் என்கிறார். தங்கும் விடுதி வைத்திருப்பவருக்கு ஒரு வாரம் முழுக்கத் திருவிழா வேண்டும். பாட்டு, கண்காட்சி, சாப்பாட்டுக் கடை எல்லாம். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்கள் ஒரு சமோசா ஸ்டால் போடுங்களேன், உங்கள் சாப்பாடு எல்லோருக்கும் பிடிக்கும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் பட்டினியால் செத்தவர்களின் நாளில் சமோசா விற்பதா என்று மனசு ஒப்பவே இல்லை.

ஒரு விஷயம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எங்கள் ஆஸ்பத்திரி பழைய ஒர்க்ஹவுஸ் இருந்த இடத்தில் கட்டியது. வக்கற்றுப் போனவர்களைக் குடும்பத்தோடு உள்ளே வாங்கி, அப்பா ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்த இடம் அது. சலவைக் கூடத்துக்குப் பின்னால் அந்தக் காலத்துச் சுண்ணாம்புக்கல் சுவர் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. நடுவில் ஒரு வாசலை அடைத்திருக்கிறார்கள். அடைத்த கல் மட்டும் வேறு நிறம். அதன் வழியாகத்தான் பிணங்களை வெளியே கொண்டுபோனார்களாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வெறும் புல்வெளி. கல்லும் கிடையாது, பெயரும் கிடையாது. என் வார்டில் தொண்ணூறு தாண்டிய பாட்டி ஒருவர் ஜன்னல் வழியாக அதைக் காட்டி, "அந்த வேலியில் காய்க்கிற பிளாக்பெரியைப் பறிக்க எங்கள் அம்மா விட்டதே இல்லை" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி என் கேள்விகள். இது துக்க நாளா, விழாவா? சாப்பாடு இருக்கலாமா? ஸ்டால் போடுவதற்குப் பதில் ஒரு பெரிய பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சி இலவசமாக ஊற்றலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, அது சரிவருமா? வெளியிலிருந்து வந்த நம்மைப் போன்றவர்கள் இதில் எங்கே நிற்பது? பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாது_வருஷம்

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. 1876-லிருந்து 78 வரை நம் பக்கம் விழுந்த தாது வருஷப் பஞ்சத்துக்கு எந்த மே மாதம், எந்த ஞாயிறு? சனங்கள் கொத்துக்கொத்தாகச் சாகும்போது டெல்லியில் தர்பார் நடந்தது. ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும், அதற்கு நாள் முழுக்க மண் வெட்டு என்று, பஞ்ச வேலையை மேற்பார்க்க அரசு அனுப்பிய டெம்பிள் துரை கூலி வைத்தார். சென்னையில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய் அப்படி வயிறு ஒட்டியவர்கள் வெட்டியது. அதைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகிற யாருக்காவது தெரியுமா? நமக்கே ஒரு நாள் இல்லை. அவர்கள் நினைவு நாளை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், ஒரு பக்கம் எழுதித் தருகிற வேலையை விட்டுவிட்டு நைட் டியூட்டி முடிந்து தூங்குங்கள்.

சுந்தரம், கார்க்

தாது வருஷத்தாரே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அதே கோபத்தைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் கொஞ்சம் வாருங்கள், தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். அயர்லாந்து பட்டினி கிடந்தபோது லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணப் பணத்தை இறுக்கிப் பிடித்தவர் சார்லஸ் ட்ரெவெலியன். அவரேதான் 1859-இல் மதராஸ் கவர்னராக வந்து இறங்கினார். வருமான வரி விஷயத்தில் மேலிடத்தோடு முட்டிக்கொண்டு அடுத்த வருஷமே திரும்ப அழைக்கப்பட்டார். இன்னொன்று, அயர்லாந்துப் பஞ்சத்துக்கு வெளியிலிருந்து முதலில் பணம் திரட்டிய ஊர்களில் கல்கத்தாவும் ஒன்று. கொடுத்தவர்களில் பெரும்பாலும் கம்பெனி ஆட்களும் ஐரிஷ் சிப்பாய்களும்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் பணம் நம் மண்ணிலிருந்து போனது. இரண்டு பஞ்சமும் ஒரே சாம்ராஜ்யத்தின் கீழ் நடந்தவை. ஆகவே "அவர்கள் நாள்" என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

தேன்மொழி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் கார்க்கில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். இப்போது பொழுதுபோக்கே பழைய கல்லறைத் தோட்டங்களில் புல் வெட்டும் குழுவோடு சுற்றுவதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

முதலில் எந்த ஊர், எந்தத் தேதி என்ற சண்டையை முடித்துவிடலாம். 2009-இல் ஸ்கிபரீன், 2010-இல் முரிஸ்க், 2011-இல் குளோன்ஸ், 2012-இல் ட்ரோஹெடா. மன்ஸ்டர், கானக்ட், அல்ஸ்டர், லென்ஸ்டர் என்று முறை வைத்துத்தான் போயிற்று. எதற்கு இந்த அலைச்சல், ஸ்ட்ரோக்ஸ்டவுனில் பஞ்ச அருங்காட்சியகமே இருக்கிறதே, வருஷா வருஷம் அங்கேயே வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த நாட்டில் 163 ஒர்க்ஹவுஸ் வட்டங்கள் இருந்தன. உங்கள் சலவைக் கூடத்துக்குப் பின்னால் நிற்கிற மாதிரி ஒரு சுவர் அநேகமாக ஒவ்வொரு ஊரிலும் நிற்கிறது, அதனால் விழாதான் ஊரைத் தேடிப் போக வேண்டும். தேதி மட்டும் அலையக் கூடாது. 2015-இலும் 2016-இலும் செப்டம்பரில் வைத்தார்கள். எப்போது என்று தெரியாத நாளுக்கு யார் வருவார்? மே மூன்றாம் ஞாயிறு என்று நிலைநிறுத்தியது நல்ல காரியம்.

அரசுப் பகுதியைப் பற்றி நீங்கள் அதிகம் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கென்று தேசியக் குழு இருக்கிறது, அமைச்சர் தலைமையில். கொடியை அரைக்கம்பத்தில் இறக்குவது, ஒரு நிமிட மௌனம், மறுபடி ஏற்றுவது, மலர்வளையம், பேண்டு என்று எல்லாம் அவர்களிடம் எழுதி வைத்தபடி நடக்கும். வரிசையாகத் தூதர்கள் வந்து வளையம் வைப்பதை நான் நேரில் நின்று பார்த்திருக்கிறேன். கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் மதியத்துக்குள் எல்லாரும் கார் ஏறிவிட்டார்கள், நாற்காலியை மடக்கியது ஊர்க்காரர்கள். ஆகவே உங்கள் ஒரு பக்கத்தை அவர்களுக்காக எழுதாதீர்கள். அவர்கள் போன பிறகு ஊரில் எது மிச்சம் இருக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எழுதுங்கள்.

திருவிழா வேண்டும் என்கிற விடுதிக்காரரிடம் மில்ஸ்ட்ரீட் கதையைச் சொல்லுங்கள். 1997-இல், பஞ்சத்தின் 150-ஆம் ஆண்டை ஒட்டி, எங்கள் கவுண்டியில் மில்ஸ்ட்ரீட்டில் பெரிய இசை நிகழ்ச்சி வைத்தார்கள். பட்டினிச் சாவுக்கு மேடைக் கச்சேரியா என்று அப்போதே முணுமுணுப்பு இருந்தது. அந்த மேடையில் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேயர் அனுப்பியதாக ஓர் அறிக்கையை நடிகர் கேப்ரியல் பர்ன் வாசித்தார். லண்டனில் ஆண்டவர்கள் தங்கள் மக்களைக் கைவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்ளும் வாசகம். உலகம் முழுக்கச் செய்தி ஆயிற்று. 2021-இல் பழைய அரசு ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் தெரிந்தது, அந்த நேரத்தில் பிளேயர் கைக்கு அகப்படாததால் உதவியாளர்களே எழுதி அனுப்பிய அறிக்கை அது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். பெரிய ஆள் பேச்சை நடுவில் வைத்து இந்த நாளைக் கட்டாதீர்கள்.

சரி, நடுவில் எதை வைப்பது? பெயர்களை வாசிக்கலாம் என்பார்கள். பெயர் கிடைக்காது. ஒர்க்ஹவுஸ் நிர்வாகக் குழுவின் குறிப்பேடுகள் பல கவுண்டிகளில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் வாரக் கணக்குத்தான் வரும். இந்த வாரம் உள்ளே வந்தவர்கள், வெளியே போனவர்கள், செத்தவர்கள் என்று கட்டம் கட்டி எண்கள். ஸ்கிபரீன் பக்கம் ஆப்பிஸ்ட்ரூரி கல்லறையில் ஐலன் ஆற்றங்கரையோரம் ஒரு புல்தரை இருக்கிறது. அதன் கீழே 8,000 முதல் 10,000 பேர் வரை இருப்பார்கள் என்று கணிக்கிறார்கள். அடிப்பலகையைக் கீல் வைத்துத் திறக்கிற சவப்பெட்டி இருந்த காலம். குழிக்கு மேலே பிடித்துத் தாழ்ப்பாளைத் தட்டினால் உடல் கீழே விழும், பெட்டி அடுத்த ஆளுக்குப் போகும். அப்படிப் புதைத்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் எங்கிருந்து வரும்?

ஆனால் இடப்பெயர் இருக்கிறது. அதுதான் என் யோசனை. இங்கே நிலத்தின் மிகச் சின்னப் பிரிவு டவுன்லேண்ட். நாடு முழுக்க 60,000-க்கும் மேல். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் ஒவ்வொரு டவுன்லேண்டுக்கும் நேராக 1841-இல் எத்தனை பேர், எத்தனை வீடு, 1851-இல் எத்தனை பேர், எத்தனை வீடு என்று பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள். தீவு முழுக்கப் பார்த்தால் 81.75 லட்சம் 65.5 லட்சமாக இறங்கியது. அது பாடப்புத்தகத்து எண், காதில் விழுந்து போய்விடும். உங்கள் மேற்குப் பக்கத்து டவுன்லேண்ட் ஒன்றில் வீடுகள் பாதிக்கும் கீழே போயிருப்பதை அச்சில் பார்த்தால் அப்படி இருக்காது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் நிவாரணம் இல்லை என்று 1847-இல் சட்டம் போட்டார்கள். கஞ்சிக்காக நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள், ஆள் வெளியேறியதும் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அந்த எண்களுக்குள் இருப்பது இதுதான்.

உங்கள் வட்டத்தில் உள்ள டவுன்லேண்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். பெயர், 1841, 1851, அவ்வளவுதான், விளக்கம் வேண்டாம். வாசிப்பவர் இன்றைக்கு அந்த டவுன்லேண்டில் குடியிருப்பவராக இருக்கட்டும். பரம்பரையாக இருக்கிறாரா, போன வருஷம் வாடகைக்கு வந்தாரா என்று கேட்க வேண்டாம். நீங்கள் எங்கே நிற்பது என்று கேட்டீர்களே, உங்கள் கரண்டு பில்லை எடுத்து முகவரியின் முதல் வரியைப் பாருங்கள். ஊருக்கு வெளியே குடியிருந்தால் அநேகமாக அது ஒரு டவுன்லேண்டின் பெயராக இருக்கும். அதை நீங்கள் வாசிக்கிறீர்கள்.

கஞ்சி விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 1847 கோடையில் அரசு கஞ்சித்தொட்டிகள் திறந்து, உச்சத்தில் ஒரு நாளைக்கு 30 லட்சம் பேருக்கு ஊற்றியது. எல்லா நிவாரணத்திலும் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான், அதையும் இலையுதிர் காலத்துக்குள் இழுத்து மூடினார்கள். அது வேறு கதை. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சூப்பும் இருந்தது, மதம் மாறினால்தான் ஊற்றுவோம் என்று சில பேர் வைத்தது. "அந்தக் குடும்பம் சூப் வாங்கினது" என்பது இந்த நாட்டில் பேரன் பேத்தி காலம் வரைக்கும் ஒட்டிக்கொண்ட வசை. நீங்கள் நல்ல மனசோடு ஊற்றுகிற கஞ்சி, வயசானவர்கள் சிலருக்கு வேறு மாதிரி படலாம். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அர்ச்சனா

பெல்ஃபாஸ்ட்டில் ஆராய்ச்சி மாணவி. சுந்தரம் சார் சொன்னதோடு வடக்குப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அல்ஸ்டர் முறை என்றால் பெரும்பாலும், பிரிட்டனோடு இருக்கிற வட அயர்லாந்தின் எல்லைக்குத் தெற்கே உள்ள மொனஹான், டொனிகால் பக்கமே போய்விடுகிறது. 2015-இல் நியூரியில் வைத்ததுதான் எல்லைக்கு இந்தப் பக்கம் முதல் முறை. இங்கே பலருக்குப் பஞ்சம் என்றால் மேற்கில் கத்தோலிக்கர்களுக்கு நடந்த ஒன்று என்ற நினைப்பு. லர்கன் ஒர்க்ஹவுஸில் 1847 தொடக்கத்தில் நடந்த சாவுகளைப் படித்தால் அந்த நினைப்பு நிற்காது. நெசவாளிகள், எல்லா சபைக்காரர்களும் செத்தார்கள். ஆகவே தேன்மொழி அக்கா, உங்கள் ஊரில் ஒரே ஒரு புராட்டஸ்டண்ட் குடும்பம் இருந்தாலும் பாதிரியாரோடு அந்த சபைப் போதகரையும் முதல் நாளே கூப்பிடுங்கள், கடைசி நேரத்தில் ஒப்புக்கு அல்ல. அடுத்தது, சூப் கொடுத்தவர்கள் எல்லோரும் மதம் மாற்ற வந்தவர்கள் இல்லை. குவேக்கர்கள் என்ற சின்னக் கிறிஸ்தவ சபையினர் எந்த நிபந்தனையும் இல்லாமல் ஊரூராகக் கொப்பரை அனுப்பினார்கள். அவர்களைப் பற்றிய பேச்சு இந்த நாளில் ரொம்பக் குறைவு என்பது என் மனக்குறை.

உங்கள் ஊர் ஹோட்டல்களில் உக்ரைன்காரர்கள் தங்கியிருக்கிறார்களா? 1932-33 பஞ்சத்துக்கு அவர்கள் நவம்பர் நான்காம் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். மேடை வேண்டாம், அழைப்பிதழ் வேண்டாம், வீட்டிலிருந்தபடியே நாடு முழுக்க ஒரே நேரத்தில். எனக்கு ஐரிஷ் நாளில் குறையாகத் தெரிவது அதுதான். விழா நடக்கிற ஊரைத் தவிர மற்ற ஊர்களில் அன்றைக்கு என்ன நாள் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. 2020-இல் கொரோனா காரணமாகப் பொதுமக்கள் இல்லாமல் டப்ளின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீனில் சின்னதாக நடத்தினார்கள். அந்த மாதிரி வருஷத்திலாவது வீட்டுக்கு வீடு செய்யும்படி ஒன்றை வழக்கமாக்கியிருக்கலாம்.

தாது_வருஷம்

சுந்தரம் சார், ட்ரெவெலியன் விஷயம் எனக்குப் புதுசு. கோபம் குறையவில்லை, ஆள் மட்டும் கூடியிருக்கிறார். ஆனால் ஒன்று கேட்கிறேன். மேடையில் எல்லோரும் அன்றைய லண்டனைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். தானியம் துறைமுகம் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தபோது விற்றவன் யார்? பக்கத்து வீட்டுக்காரன் நிலத்தை மலிவாக வாங்கிப் போட்டவன் யார்? அந்தப் பேரப்பிள்ளைகளும் முன்வரிசையில்தானே உட்காருவார்கள்? நம் பக்கத்துப் பஞ்சத்திலும் தானிய மூட்டையைப் பதுக்கியவன் நம்மவன்தான்.

சுந்தரம், கார்க்

உட்காருவார்கள். சின்ன ஊர்களில் இதைப் பற்றி வாய் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம். அதனால்தான் விளக்கம் இல்லாமல் எண்ணை மட்டும் வாசியுங்கள் என்றேன். யாருடைய தாத்தா என்று மேடையில் சொல்ல வேண்டாம், கேட்கிற அவரவருக்குத் தெரியும்.

மதராஸ் கணக்கு உங்களுக்குக் குறையாக இருந்தால், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் வருஷத்துக்கு ஒரு நாள் நீங்கள் நில்லுங்கள், நான் டிக்கெட் போட்டு வருகிறேன். முரிஸ்க் பக்கத்தில் டூலோ என்ற இடத்தில் 1988-லிருந்து ஒரு பஞ்ச நடை நடக்கிறது. 1849 மார்ச் கடைசியில் நிவாரணம் கேட்டு லூயிஸ்பர்க்கிலிருந்து டெல்ஃபி மாளிகைக்கு நடக்க வைக்கப்பட்டு வழியில் விழுந்து செத்தவர்களுக்காக. அரசு தொடங்கியது அல்ல, ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் தொடங்கியது. தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவே வந்து நடந்திருக்கிறார், அமெரிக்காவிலிருந்து சாக்டா பழங்குடியினரும் வந்தார்கள். அந்த சாக்டா மக்கள் சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்டுக் கொஞ்ச வருஷமே ஆகியிருந்த நிலையில், 1847-இல் இங்கே உள்ளவர்களுக்காக 170 டாலர் திரட்டி அனுப்பியவர்கள். எங்கள் மிடில்டனில் அவர்களுக்காக எஃகில் ஒன்பது கழுகு இறகு நிற்கிறது. வெளியாட்கள் எங்கே நிற்பது என்ற கேள்விக்கு அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

தேன்மொழி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

பாட்டியிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். மாத்திரை கொடுக்கும்போது, "அந்த நாளில் சூப் ஊற்றினால் எப்படி இருக்கும் பாட்டி?" என்றேன். மாத்திரையை விழுங்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அவர் ஊரில் எதிர் வீட்டுக் குடும்பத்தை அந்தப் பெயர் வைத்துத்தான் சொல்வார்களாம். அந்த வீட்டுப் பையன் இவரைப் பெண் கேட்டு வந்தபோது அப்பா கதவைக்கூடத் திறக்கவில்லையாம். "நல்ல பையன், கனடாவில் செத்துப்போனான்" என்றார். அப்புறம் மாத்திரையை விழுங்கிவிட்டு, "டீ கொடு. டீக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்" என்றார்.

ஆகவே கஞ்சி போயிற்று, டீ வந்தது. இங்கே எந்த அடக்கத்துக்குப் பிறகும் பங்குக் கூடத்தில் டீயும் சாண்ட்விச்சும் இருக்கும், அதே மாதிரி. யாரும் எதையும் விற்பதில்லை. விடுதிக்காரருக்கு எப்படியும் அறைகள் நிரம்பும், அவர் சமாதானம் ஆகிவிடுவார்.

ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். காலையில் ஆஸ்பத்திரிப் பின்வாசல் சுவரிலிருந்து புல்வெளிக்கு நடை, அங்கே டவுன்லேண்டுகளை வாசிப்பது. அது எங்கள் ஊர்ப் பகுதி. அரசு விழா அதற்குப் பிறகு, சதுக்கத்தில். தூதர்களும் முதலில் எங்களோடு நடக்கட்டும், வர முடிந்தால். அந்த வாசலை அடைத்த கல்லை எடுத்துத் திறக்கலாமா என்றும் ஒரு வரி போட்டேன். ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒப்புக்கொள்ளுமா தெரியாது. முக்கியமாக, அரசு விழா எங்கள் ஊருக்குக் கிடைக்காவிட்டாலும் நடையும் வாசிப்பும் அதே ஞாயிறு நடக்கும் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். பால் பண்ணை அம்மா அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். வாத்தியாருக்கு அந்த வரி பிடிக்கவில்லை, "அப்படி எழுதினால் நமக்கு ஏன் தரப்போகிறார்கள்" என்கிறார்.

அர்ச்சனா, ஹோட்டலில் உக்ரைன் குடும்பங்கள் இருக்கின்றன. என்னோடு வேலை பார்க்கிற ஒக்ஸானாவிடம் கேட்டேன். அவளும் ஒரு டவுன்லேண்டை வாசிப்பதாகச் சொன்னாள். ஐரிஷ் உச்சரிப்பை மட்டும் யாராவது சொல்லித்தர வேண்டுமாம். எனக்கும்தான்.

ஜெகன்_லைட்ஸ்

மேடை, ஒலிபெருக்கி வேலை பார்க்கிறவன். யோசனை எல்லாம் அருமை. இப்போது வயிற்றெரிச்சலான சில விஷயங்கள்.

புல்வெளிக்குள் லாரியை விட ஒத்துக்கொள்ளாதீர்கள். கீழே எலும்பு இருக்கிற இடத்தில் கூடார முளை அடிப்பது, ஜெனரேட்டர் இறக்குவது எதுவும் கூடாது. தொல்லியல் ஆட்களைக் கேட்காமல் ஒரு ஆணி அடித்தாலும் பிரச்சனை. வெளியே சாலையில் நிறுத்தி ஒயர் இழுங்கள். டவுன்லேண்ட் வாசிக்கிறவர்களுக்கு மைக் கட்டாயம். மேற்குக் கடற்காற்றில் பத்தடி தள்ளி நிற்பவருக்கே கேட்காது. மைக்குக்குக் காற்று உறை மறக்க வேண்டாம். காகிதத்தில் எழுதி வாசிக்க வைத்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள், மே மாதம்தானே என்று நம்பாதீர்கள். எத்தனை டவுன்லேண்ட் என்று முதலில் எண்ணுங்கள். நூறைத் தாண்டினால் வாசித்து முடிப்பதற்குள் வயசானவர்கள் உட்கார இடம் தேடுவார்கள், ஆகவே நாற்காலி வேண்டும். அதையும் அமைச்சருக்கு முன்வரிசையில் போடாமல் அவர்களுக்குப் போடுங்கள்.

ஊர் ஜிஏஏ (ஐரிஷ் விளையாட்டு) கிளப்பிடம் அந்த ஞாயிறு மேட்ச் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். இருந்தால் பார்க்கிங் போச்சு. ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிடம் மௌனம் நிற்கச் சொல்லியும் கேட்டு வையுங்கள். அப்புறம் நடமாடும் கழிப்பறை. மே மாதம் முழுக்கப் பிள்ளைகள் முதல் முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்து, வீட்டுக்கு வீடு தோட்டத்தில் கூடாரம் போடுவார்கள். கழிப்பறை வாடகைக்கு விடுகிற எங்கள் பக்கத்து ஆள் ஈஸ்டருக்கு முன்னாலேயே கைவிரித்துவிடுவார். ஜனாதிபதி வருகிறாரோ இல்லையோ, அதற்கு இப்போதே அட்வான்ஸ் கொடுத்து வையுங்கள்.